பிரியாணி மேல் பழி போடுமுன் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. இரண்டு வாரத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். மட்டன் பிரியாணி, கறிக்குழம்பு, தயிர் வெங்காயம், கடைசியில் ஃப்ரூட் கஸ்டர்டு. மதியம் 12.30-க்கு முதல் பந்தி; மொத்தம் மூன்று பந்தி. 4 மணிக்கெல்லாம் பதினோரு பேருக்கு வாந்தி. பாதிப் பேர் குழந்தைகள். ராத்திரிக்குள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. மறுநாள் மதியம், அண்டாவில் மீந்திருந்த கறிக்குழம்பைச் சூடுபண்ணி வீட்டு ஆட்கள் சாப்பிட்டோம். அன்று இரவு 11 மணியிலிருந்து எனக்கும் கணவருக்கும் நாத்தனாருக்கும் வயிற்றைப் பிசைந்து பிசைந்து பேதி. வாந்தி இல்லை. செவ்வாய்க்கிழமை மாமனாருக்குக் காய்ச்சலோடு ரத்தமும் சளியுமாகப் போனது. அவருக்கு 68 வயது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். மெடிக்கலில் கேட்டு, பேதியை நிறுத்துகிற மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இப்போது பதினொன்றாம் நாளிலிருந்து கொழுந்தனார் மகனுக்கு (9 வயது) காய்ச்சல். இரண்டாம் நாளே ரத்தம் பார்த்து டைபாய்டு என்று சொல்லிவிட்டார்கள்.

பிரியாணிக்கு ஏற்பாடு செய்தது என் அண்ணன். ‘கெட்ட கறியைப் போட்டுவிட்டான்’ என்று கணவர் வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாம் பந்தியில் உட்கார்ந்த அண்ணன் வீட்டாருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு பேச்சாகிவிட்டது. அவர்களுக்குக் கஸ்டர்டுகூட மிஞ்சவில்லை, பாவம். மாஸ்டருக்குத் தரவேண்டிய மீதி 6,000 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒரே விருந்தில் சாப்பிட்டு ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி வந்தது? பிரியாணிதான் காரணமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பையனின் காய்ச்சல், இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கிற விஷயமில்லை. அதனால் நீங்கள் கொடுத்திருந்த எண்ணில் அழைத்து, செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டேன். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். முதலில் உங்கள் அண்ணன் விஷயம்.

வயிறு கெட்டால் நாம் முதலில் சந்தேகப்படுவது கடைசியாகச் சாப்பிட்டதை, அல்லது சாப்பிட்டதிலேயே பெரிய ஐட்டத்தை. கறி என்றால் கேட்கவே வேண்டாம். மருத்துவர்கள் வேறு மாதிரி ஆரம்பிப்போம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, முதலில் வந்தது வாந்தியா, பேதியா, காய்ச்சலா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், கிருமியின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் எந்த வகை என்று ஓரளவு சொல்லிவிடலாம். நீங்கள் மணிக்கணக்கோடு எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவி. பெரும்பாலானவர்கள் ‘நேத்துலருந்து சார்’ என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

12.30-க்குப் பந்தி, 4 மணிக்கு வாந்தி. இடையில் மூன்றரை மணி நேரம். வயிற்றுக்குள் போன கிருமி பெருகி, குடலைப் புண்ணாக்கி, நோயாக மாற இந்த நேரம் போதாது. இவ்வளவு சீக்கிரம் வாந்தி வருகிறதென்றால், கிருமி இலைக்கு வருவதற்கு முன்பே தன் வேலையை முடித்து, நஞ்சைச் சமைத்து வைத்துவிட்டது என்று அர்த்தம். இதில் முதல் சந்தேகம் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மேல். பெயர் பெரிதாக இருந்தாலும் நமக்குப் பழகிய ஆசாமிதான். கட்டியிலும் சீழ்பிடித்த வெட்டுக்காயத்திலும் இருக்கும். நோயே இல்லாத பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்கிலும் சும்மா குடியிருக்கும். மூக்கைத் துடைத்த கை பழத்தை நறுக்கினால் போதும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் குமட்டல், குடலைப் பிடுங்குகிற வாந்தி, கொஞ்சம் பேதி. காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. ஒரே நாளில் அடங்கிவிடும். உங்கள் பதினோரு பேருக்கும் நடந்தது அச்சு அசல் இதுதான்.

சரி, எந்தப் பண்டத்தில் வந்தது? தம் பிரித்து, ஆவி பறக்க இலையில் விழுந்த பிரியாணியில் இந்தக் கிருமி உட்கார்ந்து பெருக வழியில்லை. அதற்குப் பிடித்தது, சமைத்து ஆறிய பிறகு கைபட்டு, அப்புறம் வெளியிலேயே இருக்கிற பண்டம். பால், சர்க்கரை சேர்ந்தால் இன்னும் நல்லது. காலையில் காய்ச்சி ஆறவைத்த கஸ்டர்டில் கையால் நறுக்கிய பழத்தைப் போட்டுக் கலக்கி, மண்டபத்துப் பின்கட்டு மேசையில் மதியம்வரை வைத்திருப்பார்கள். ஐஸ் பெட்டி முழுக்கக் கூல்டிரிங்ஸ் பாட்டில்தானே இருக்கும்!

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்தது ‘பாவம்’ என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியை. மூன்றாம் பந்திக்காரர்கள் அதே பிரியாணியைச் சாப்பிட்டார்கள், அதே குழம்பை ஊற்றிக்கொண்டார்கள். கஸ்டர்டு மட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டில் ஒருவருக்கும் வாந்தி இல்லை. உங்கள் அண்ணனுக்கு எதிராகப் பேசுகிறவர்கள் எதைச் சொல்கிறார்களோ, அதுவேதான் பிரியாணிக்குச் சாதகமான சாட்சி. நீங்கள் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. பதினோரு பேரையும், சாப்பிட்டும் நன்றாக இருந்த ஒரு பதினோரு பேரையும் கேளுங்கள்: கஸ்டர்டு சாப்பிட்டாயா, இல்லையா? உணவால் கூட்டமாக நோய் வரும்போது விசாரிக்க வருகிற சுகாதாரத் துறையினரும் இதே கேள்வியைத்தான் ஒவ்வொரு பண்டத்துக்கும் கேட்டுப் பட்டியல் போடுவார்கள்.

இதில் ஒரு பொல்லாத சங்கதி, ஸ்டெஃபிலோகாக்கஸின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. கிருமி செத்துவிடும், அது விட்டுப்போன நஞ்சு அப்படியே இருக்கும். வாசனையும் மாறாது, ருசியும் மாறாது. ஊசிப்போய் நூல் விடுகிற சோற்றை நாம் எப்படியும் கொட்டிவிடுவோம். ஊசவைக்கிற கிருமிகள் வேறு, நோய் கொடுக்கிற கிருமிகள் வேறு. மோந்து பார்த்து நல்லது கெட்டது சொல்கிற வித்தை இங்கே எடுபடாது.

சோற்றிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, பேசில்லஸ் சீரியஸ். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஹாஸ்டல் மெஸ்ஸில், முந்தின இரவு மீந்த சோற்றைப் பெரிய பாத்திரத்தில் குவியலாக அப்படியே விட்டுவைத்து, காலையில் எலுமிச்சை சாதம் கிளறிப் போட்டார்கள். 8 மணிக்குச் சாப்பிட்டோம். 10 மணி ரவுண்ட்ஸில் ஒரு நோயாளிக்கு நாடி பிடித்துக்கொண்டிருந்த என் நண்பன், அந்தக் கையை விட்டுவிட்டு ஓடினான். பின்னாலேயே நான். அந்த நோயாளி எழுந்து வந்து எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அரிசியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கிருமியின் வித்து, சோறு வேகும்போது சாகாது. வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் முளைத்து நஞ்சு விடும். அப்புறம் தாளித்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. இதைப் படித்துவிட்டுப் பழைய சோற்றின் மேல் பாயாதீர்கள். நீரூற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகிப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளுக்கு ஆகாது. ஆபத்து, ஆறாமல் மூடி வைத்த வெறும் சோற்றுக் குவியலில்.

இப்போது திங்கட்கிழமைக் குழம்பு. இதற்குக் காரணம் உங்கள் அண்ணனும் இல்லை, மாஸ்டரும் இல்லை. மன்னிக்கவும், நீங்கள்தான். மதியம் சாப்பிட்டு இரவு 11 மணிக்கு ஆரம்பம் என்றால் ஏறக்குறைய 10 மணி நேரம். வயிற்றைப் பிசைகிற வலி, தண்ணீராகப் பேதி, வாந்தியும் காய்ச்சலும் இல்லை. கறிக்குழம்பு, அதுவும் அண்டாவில் இருந்தது. இதைக் கேட்டதும் எங்களுக்கு ஞாபகம் வருவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வரும், பெரும்பாலும் ஒரு நாளில் போய்விடும். இதற்கும் வித்து உண்டு, கொதித்தாலும் தாங்கும். கொதிக்கும்போது குழம்பிலிருந்த காற்று வெளியேறிவிடும். காற்றில்லாத இடம்தான் இதற்கு வேண்டும். மூடி போட்ட அண்டா வெளியே ஆறினாலும் நடுவில் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். சூடு தோதாக இருந்தால் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இது இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் 3 மணி நேரம் போனால் ஒரு கிருமி இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஆனால் இதன் நஞ்சு குழம்பில் அல்ல, நம் குடலுக்குள் போன பிறகுதான் பெரும்பாலும் உண்டாகிறது. அதனால் கஸ்டர்டுக்கு உதவாத சூடு குழம்புக்கு உதவியிருக்கும். கரண்டியால் அடியிலிருந்து கிளறி, முழுக்கத் தளதளவென்று கொதிக்க விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ‘சூடுபண்ணி’ என்று எழுதியிருக்கிறீர்கள். விருந்து முடிந்த மறுநாள் அலுப்பில், ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை பந்தி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் மீந்த குழம்பை அகலமான தாம்பாளத்திலும் சின்னச் சின்னப் பாத்திரத்திலும் பிரித்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இடம் இல்லையென்றால் அன்றைக்கே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

மாமனார் விஷயம் வேறு. மேலே சொன்னவை அவஸ்தை, ஆனால் பெரும்பாலும் தானாகவே போய்விடுபவை. காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, ரத்தம், சளி நான்கும் சேர்ந்தால் கிருமி குடலின் சுவரையே துளைக்கிறது என்று பொருள். சீதபேதி என்று நம் பாட்டிகள் சொன்னதில் பெரும்பங்கு ஷிகெல்லாதான். 1897-ல் ஜப்பானில் ரத்தபேதி பரவியபோது கியோஷி ஷிகா கண்டுபிடித்ததால் அவர் பெயரே கிருமிக்கு வந்தது. வயிற்றுக்குள் போய் ஒன்றிரண்டு நாளில் நோய் தெரியும். மற்றக் கிருமிகள் பல ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் உள்ளே போனால்தான் ஆட்டம் காட்டும். ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 போதும். அதனால் உணவே தேவையில்லை, கழுவாத கை, கக்கூஸ் மக்கின் கைப்பிடி, குழாயின் திருகு இவை வழியாகவே வீட்டுக்குள் சுற்றிவரும். விருந்துக்கு வந்த அத்தனை பேரும் ஒரே கக்கூஸைப் புழங்கியிருப்பார்கள். எனவே மாமனாருக்கு வந்ததை எந்தப் பண்டத்தின் மேலும் நான் சுமத்த மாட்டேன். ரத்தம் போக ஷிகெல்லா மட்டுமே காரணம் என்றும் இல்லை. அரைவேக்காட்டுக் கோழியில் வருகிற கேம்பிலோபாக்டர், ஈ.கோலையில் ஒரு கெட்ட வகை, அமீபா என்று வேறு பேரும் இருக்கிறார்கள். மலத்தைப் பரிசோதித்தால்தான் தெரியும்.

மெடிக்கலில் வாங்கிய அந்த ‘நிறுத்துகிற மாத்திரை’யில்தான் எனக்கு வருத்தம். ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது குடலின் அசைவை நிறுத்தினால், வெளியே போகவேண்டிய கிருமியை உள்ளேயே பூட்டி வைத்த கதைதான். நான் சொன்ன அந்தக் கெட்ட ஈ.கோலையாக இருந்தால் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக்கும் கூடாது என்பதால்தான் குருட்டாம்போக்கில் மாத்திரை போடாதீர்கள் என்று கத்துகிறோம். ஷிகெல்லா என்று தெரிந்தால், வயதானவர், சர்க்கரைக்காரர் என்பதால் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆகவேண்டும். இப்போது நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களா, தேடிப் பார்த்தேன், இல்லை. இன்னும் போய்க்கொண்டிருந்தால் இன்றே காட்டுங்கள். நின்றிருந்தாலும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பாருங்கள். பேதியாகும் நாட்களில் சில சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். எதை என்று அவருடைய டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள், நீங்களாக வேண்டாம்.

பையனுக்கு வருவோம். டைபாய்டு கொடுக்கிற சால்மொனெல்லா டைஃபி மெதுவாக வரும் ஆள். உள்ளே போய் 6 முதல் 30 நாள் கழித்துத்தான் காய்ச்சலாகத் தலைகாட்டும். படிப்படியாக ஏறுகிற காய்ச்சல், தலைவலி, பசியின்மை, வயிற்றுவலி. பேதிதான் ஆகவேண்டும் என்றில்லை, மலச்சிக்கலும் வரலாம். பதினொன்றாம் நாள் என்பது இந்தக் கணக்குக்குள் வருகிறதுதான். ஆனால் அந்த ஒரு மாதத்தில் பையன் பள்ளிக்கூட வாசலில் ஐஸ் சாப்பிட்டிருப்பான், பானிபூரி சாப்பிட்டிருப்பான், எங்கெங்கோ தண்ணீர் குடித்திருப்பான். காதுகுத்தில்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, அது டைபாய்டுதானா என்பதே உறுதியாகவில்லை. காய்ச்சலின் இரண்டாம் நாளில் எடுத்தது விடால் சோதனையாக இருக்கும். அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரியவே பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். பழைய தொற்றினாலும் பாசிட்டிவ் காட்டும். நம் ஊரில் ‘டைபாய்டு லேசா இருக்கு’ என்று சொல்லப்படுவதில் எத்தனை உண்மையில் டெங்குவோ வேறு வைரஸ் காய்ச்சலோ என்று நினைத்தால் எனக்குத் தலை சுற்றும். முதல் வாரத்தில் செய்யவேண்டியது, ரத்தத்திலுள்ள கிருமியையே வளர்த்துப் பார்க்கிற ரத்தக் கல்ச்சர், அதுவும் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பு. போனில் சொன்னதும் அதைத்தான். டைபாய்டு உறுதியானால் மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை முழுக்கக் கொடுங்கள். மற்றக் குழந்தைகளுக்கு, 6 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி போடலாம்.

டைபாய்டு குணமான பிறகும் சிலருடைய பித்தப்பையில் கிருமி தங்கிவிடும். நியூயார்க்கில் மேரி மேலன் என்ற சமையல்காரம்மா இருந்தார். அவருக்கு எந்த நோயும் தெரியவில்லை, அவர் சமைத்த வீடுகளில்தான் டைபாய்டு வந்துகொண்டிருந்தது. 1907-ல் அவரைப் பிடித்தார்கள். அவர் சுடச்சுடச் சமைத்ததில் பரவியிருக்காது, பீச் பழத்தை நறுக்கிப் போட்டுக் கையால் செய்த ஐஸ்கிரீமில்தான் பரவியிருக்கும் என்பது விசாரித்தவரின் கணிப்பு. மறுபடியும் பழம், மறுபடியும் குளிர்ந்த பண்டம், மறுபடியும் கை.

விருந்தில் கோழியும் முட்டையும் இல்லாததால் மற்ற சால்மொனெல்லாவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். அது பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து 3 நாளைக்குள் காய்ச்சலும் பேதியுமாக வரும். பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்ததற்கு இதுதான் காரணம். அடுத்த விசேஷத்துக்குச் சிக்கன் போட்டால் அதைத் தொட்டுக்கொள்ள வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, பதினோரு பேரில் எத்தனை பேர் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாதிப் பேராவது ஏற்றியிருப்பார்கள், எனக்குத் தெரியும். குடித்ததெல்லாம் வெளியே வருகிறவருக்கும் மயக்கத்தில் இருப்பவருக்கும் டிரிப்ஸ் வேண்டும். மற்றவர்களுக்கு ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் போதும். 1971-ல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, மேற்கு வங்கத்தின் பன்காவ் மருத்துவமனையில் தரையெல்லாம் நோயாளிகள் கிடந்தபோது டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மகாலனபீஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து பொட்டலம் கட்டி, உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். 100-க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிப் போகிற காலராவிலேயே அது காப்பாற்றியதென்றால் கஸ்டர்டு வாந்திக்கு எம்மாத்திரம்.

ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரையுங்கள். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் தூள் என்று கண்ணளவில் போட வேண்டாம், உப்பு கூடினால் ஆபத்து. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. வாந்தி எடுக்கிற குழந்தைக்கு டம்ளரை நீட்டாதீர்கள். 10 நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகப் புகட்டுங்கள். உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர் கொடுக்கலாம். பட்டினி போடவேண்டாம், தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். பேதியாகும் குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாள் ஜிங்க் மாத்திரையும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கண் உள்வாங்கினால், அழுதால் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், எழுப்பினால் எழாமல் துவண்டால், ரத்தம் கண்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் வெறும் காய்ச்சலுக்கே காட்டவேண்டும். இமை தொங்கி, பார்வை இரட்டையாகத் தெரிந்து, விழுங்க முடியாமல் போனால் அது, கிருமியின் நஞ்சு நரம்பைத் தாக்குகிற பாட்டுலிசமாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் அதற்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு தடவை இப்படிக் கூட்டமாக வந்தால் மீந்ததைக் கொட்டிவிடாமல் ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு கிண்ணம் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். இந்த முறை கஸ்டர்டு பாத்திரத்தை அன்றைக்கே கழுவிக் கவிழ்த்திருப்பீர்கள், அதனால் நான் சொல்வதெல்லாம் கணிப்புதான். ஆனால் மூன்றாம் பந்திக்காரர்கள் நன்றாக இருந்தது கணிப்பு இல்லை. உங்கள் கணவர் வீட்டாரிடம் அதை மட்டும் சொல்லுங்கள். அப்படியே மாஸ்டருக்கு அந்த 6,000 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். கஸ்டர்டு யார் செய்தது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.